ஒரே நாளுக்கு ஏன் இரண்டு தேதிகள்? நாள்காட்டி வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரலாற்றைப் பற்றிப் பேசும் இடங்களில், போர்களையும் பேரரசர்களையும் விட அதிகமாக என்னிடம் கேட்கப்படுவது தேதிகளைப் பற்றிய ஐயங்களே. ஒரு நூலில் ஒரு தேதியும் இன்னொரு நூலில் வேறொரு தேதியும் இருப்பதைக் கண்டவர்கள், இரண்டில் ஒன்று பிழை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே சரி. மீண்டும் மீண்டும் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. அக்டோபர் புரட்சி என்கிறார்கள், ஆண்டு விழாவை நவம்பரில் கொண்டாடுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பெட்ரோகிராடில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றிய புதன்கிழமையன்று, ரஷ்யாவின் சுவர்களில் தொங்கிய நாள்காட்டி 1917 அக்டோபர் 25 என்று காட்டியது. அதே புதன்கிழமை பாரிஸிலும் லண்டனிலும் நவம்பர் 7. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியையும், மேற்கு ஐரோப்பா கிரிகோரியன் நாள்காட்டியையும் பின்பற்றின. இரண்டுக்கும் இடையே 13 நாள் வேறுபாடு இருந்தது.

அதே ஆண்டின் பிப்ரவரி புரட்சிக்கும் இதே கதைதான். அது தொடங்கிய பிப்ரவரி 23, மற்ற நாடுகளில் மார்ச் 8, அதாவது உலக மகளிர் நாள். பெட்ரோகிராடின் பெண் தொழிலாளர்கள் அன்று தெருவில் இறங்கியது தற்செயல் அன்று. புதிய அரசு 1918இல் நாள்காட்டியை மாற்றியது. ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆயிற்று. புரட்சியின் பெயர் பழைய கணக்கிலும் விழா புதிய கணக்கிலும் நிலைத்துவிட்டன.

2. ஜூலியன், கிரிகோரியன் என்று இரண்டு எதற்கு? அடிப்படை வேறுபாடு என்ன?

கி.மு. 45ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூலியஸ் சீசர் நடைமுறைப்படுத்தியது ஜூலியன் நாள்காட்டி. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியல் அறிஞர் அதற்கு வழிகாட்டினார். ஆண்டுக்கு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்பது அதன் எளிய விதி. அதற்கு முந்தைய ரோமானியக் கணக்கு அவ்வளவு சீர்குலைந்திருந்ததால், அதைச் சரிக்கட்டக் கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாள் கொண்டதாக நீட்ட வேண்டியிருந்தது.

சீசரின் கணக்கில் ஓராண்டு என்பது 365 நாளும் 6 மணி நேரமும். பருவங்கள் ஒரு சுற்று முடிந்து திரும்ப ஆகும் காலமோ 365 நாள், 5 மணி, ஏறத்தாழ 49 நிமிடம். ஆண்டுக்குப் பதினோரு நிமிடம் கூடுதல் என்பது ஒருவரின் வாழ்நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது சேர்ந்துகொண்டே போகும். இதைத் திருத்தியதே கிரிகோரியன் நாள்காட்டி. நூறால் வகுபடும் ஆண்டுகள், நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டுகள் என்பது அதன் கூடுதல் விதி. அதனால் 1600உம் 2000உம் லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 ஆகியவை அல்ல.

3. 1582இல் பத்து நாள் காணாமலே போனது என்பது உண்மையா? அந்த நாட்களில் மக்கள் என்ன செய்தார்கள்?

நாட்கள் எவையும் காணாமல் போகவில்லை. பத்து எண்கள் மட்டும் பயன்படுத்தப்படாமல் விடப்பட்டன. தினசரி காலண்டரில் பத்துத் தாள்களை ஒன்றாகக் கிழித்ததாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு உறங்கியவர்கள் வழக்கம்போல மறுநாள் காலை எழுந்தார்கள். அது வெள்ளிக்கிழமை, தேதி மட்டும் அக்டோபர் 15. அவிலா நகரத் துறவி புனித தெரேசா அந்த இரவில்தான் காலமானார். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15ஆம் தேதியே வருகிறது.

இதை ஆணையிட்டவர் போப்பாண்டவர் 13ஆம் கிரிகோரி. அவருடைய கவலை ஈஸ்டர் பண்டிகையைப் பற்றியது. கி.பி. 325இல் நிசேயா திருச்சங்கம் கூடிய காலத்தில் இரவும் பகலும் சமமாக இருக்கும் வசந்த நாள் மார்ச் 21ஐ ஒட்டி வந்தது. ஈஸ்டரைக் கணிக்க அந்தத் தேதியே அடிப்படை. மேலே சொன்ன பதினோரு நிமிடப் பிழை சேர்ந்து சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் அந்த நாள் மார்ச் 11ஐ ஒட்டி வந்துவிட்டது. கலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸ் தீட்டிய திட்டத்தை, அவர் இறந்த பிறகு கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர் முன்னின்று நிறைவேற்றினார். அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்த மாதத்தில் திருநாட்கள் குறைவாக இருந்ததுதான்.

வாடகை, வட்டி, கெடு ஆகியவற்றின் கதி என்ன என்று உடனே கேட்பவர்கள் உண்டு. ஆணையை எழுதியவர்களும் அதை நினைத்துப் பார்த்திருந்தார்கள். பணம் செலுத்தும் கெடுக்களோடு பத்து நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிலேயே சொல்லப்பட்டது.

4. ஓரிடத்தில் 10 நாள், இன்னோரிடத்தில் 11, ரஷ்யாவுக்கு 13 என்கிறீர்கள். எண் ஏன் மாறுகிறது?

தாமதித்தவர்களுக்குக் கடன் ஏறியது, அவ்வளவுதான். 1700ஆம் ஆண்டு ஜூலியன் கணக்கில் லீப் ஆண்டு, கிரிகோரியன் கணக்கில் இல்லை. ஆகவே அந்த ஆண்டின் பிப்ரவரி முடிவில் வேறுபாடு 11 ஆயிற்று. 1800இல் 12, 1900இல் 13. 2000 இரண்டு கணக்கிலும் லீப் ஆண்டு என்பதால் வேறுபாடு 13ஆகவே நீடிக்கிறது. 2100இல் அது 14 ஆகும்.

5. நாம் ‘ஆங்கிலத் தேதி’ என்கிறோமே, இதை ஆங்கிலேயரா கண்டுபிடித்தார்கள்?

வரலாற்றின் சிறிய நகைச்சுவைகளில் இதுவும் ஒன்று. நாம் ஆங்கிலத் தேதி என்று அழைப்பதை, ஆங்கிலேயர்கள் 170 ஆண்டுகள் ஏற்க மறுத்தார்கள். இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல், போலந்து ஆகிய கத்தோலிக்க நாடுகள் 1582 அக்டோபரிலேயே மாறின. பிரான்ஸ் அந்த டிசம்பரில் மாறியது. எலிசபெத் அரசியின் காலத்தில் ஜான் டீ என்ற அறிஞர் மாற்றத்தை ஆதரித்து எழுதியும், போப்பின் திட்டம் என்பதால் ஆங்கிலத் திருச்சபைத் தலைவர்கள் அதற்கு இணங்கவில்லை. கணக்கு சரிதான் என்பது தெரிந்தே மறுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசியில் செஸ்டர்ஃபீல்டு பிரபு முன்மொழிந்த சட்டத்தின்படி 1752இல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் மாறின. செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை.

6. ‘எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு’ என்று லண்டனில் கலகம் நடந்ததாமே?

மிகப் பரவலான கதை. ஆனால் அப்படியொரு கலகம் நடந்ததற்கு அக்காலச் சான்று கிடையாது என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் முடிவு. கதையின் வேர் ஓர் ஓவியத்தில் இருக்கிறது. வில்லியம் ஹோகார்த் 1755ஐ ஒட்டி வரைந்த தேர்தல் விருந்துக் காட்சியில், கட்சிக்காரர்கள் குடித்துக் கும்மாளமிடும் கூடத்தின் தரையில், ஒருவரின் காலடியில் ஒரு பதாகை கிடக்கிறது. ‘எங்கள் பதினொரு நாளைக் கொடு’ என்பது அதில் உள்ள வாசகம். 1754ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுஷயர் தேர்தலில் நாள்காட்டி மாற்றமும் ஆளுங்கட்சியை ஏளனம் செய்யும் பொருளாகப் பயன்பட்டது. அதைத்தான் ஓவியர் கேலி செய்தார். பின்னால் வந்தவர்கள் கேலிச்சித்திரத்தைச் செய்தியாகப் படித்துவிட்டார்கள்.

மக்கள் முணுமுணுக்கவே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. திருநாட்கள் இடம்பெயர்ந்ததை விரும்பாதவர்கள் பழைய கிறிஸ்துமஸையே தொடர்ந்து கொண்டாடியதுண்டு. ஆனால் வாடகையோ கடனோ பதினொரு நாள் முன்னதாகக் கேட்கப்பட்டதாகச் சொல்வது தவறு. உண்மையான நாட்கள் கழிந்த பிறகே பணம் செலுத்த வேண்டும் என்றும், இருபத்தோரு வயது நிரம்புவதும் அவ்வாறே கணக்கிடப்படும் என்றும் சட்டம் தெளிவாகச் சொன்னது. மார்ச் 25இல் முடிந்த பழைய கணக்காண்டு, பதினொரு நாள் தள்ளி ஏப்ரல் 5 ஆனது இப்படித்தான். பிரிட்டனில் வருமான வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 5ஆம் தேதியில்தான் முடிகிறது.

7. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது 1746 செப்டம்பர் 10 என்று ஒரு புத்தகம், 21 என்று இன்னொரு புத்தகம். எதை நம்புவது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தாமே விடையின் வாசலில் நிற்கிறார்: வேறுபாடு சரியாகப் பதினொரு நாள். புனித ஜார்ஜ் கோட்டையை லா போர்தொன்னேயிடம் ஒப்படைத்த ஆங்கிலேயருக்கு அந்தப் புதன்கிழமை செப்டம்பர் 10. அதைப் பெற்றுக்கொண்ட பிரெஞ்சுக்காரருக்கு அதே புதன்கிழமை செப்டம்பர் 21. ஒரே கோட்டை வாசலில் சரணடைந்தவர் ஒரு தேதியையும் வென்றவர் இன்னொரு தேதியையும் எழுதினார்கள்.

1752 வரை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பயணம் செய்தவர் ஒவ்வொருவரும், பதினொரு நாளை எண்ணளவில் தாண்டிச் சென்று திரும்பினார். புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும், சென்னையில் கம்பெனியார் எழுதி வைத்த ஆவணங்களையும் ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இதை நினைவில் வைக்காவிட்டால், செய்தி நிகழ்ச்சிக்கு முன்பே வந்து சேர்ந்ததுபோலத் தோன்றும். மாறாக, ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்த 1761 ஜனவரி 16க்கு இந்தச் சிக்கல் இல்லை. அப்போது இரு தரப்பும் ஒரே நாள்காட்டிக்கு வந்துவிட்டிருந்தன. பஞ்சாங்கம் பார்த்து நாள் எண்ணிய உள்ளூர் மக்களுக்கோ, 1752இல் ஒன்றுமே நடக்கவில்லை.

8. செப்டம்பர் என்றால் ஏழு என்கிறார்கள். ஒன்பதாம் மாதத்துக்கு ஏன் அந்தப் பெயர்? பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை அகஸ்டஸ் திருடினாரா?

பண்டைய ரோமானிய ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து என்று பெயர்கள் பொருந்திவிடும். கி.மு. 153 முதல் ரோமின் ஆட்சித் தலைவர்கள் ஜனவரி 1இல் பதவியேற்கத் தொடங்க, ஆண்டின் தொடக்கமும் அங்கே நகர்ந்தது. பெயர்களை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. ஐந்து, ஆறு என்ற பொருள் கொண்ட குவின்டிலிஸ், செக்ஸ்டிலிஸ் ஆகிய இரண்டுக்கு மட்டும் கி.மு. 44இலும் கி.மு. 8இலும் ஜூலை, ஆகஸ்டு என்ற புதுப் பெயர்கள் வந்தன.

அகஸ்டஸ் பொறாமையால் நாளைத் திருடினார் என்பது 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கற்பனை. சீசரின் சீர்திருத்தத்துக்கு முன்பே பிப்ரவரிக்கு 28 நாள்தான். சீசர் மற்ற மாதங்களை நீட்டியபோதே செக்ஸ்டிலிஸுக்கு 31 நாள் கிடைத்துவிட்டது.

9. தேதி இவ்வளவு குதித்திருக்கிறதே, கிழமையும் குதித்திருக்குமா?

நாள்காட்டி மாற்றங்களில் கிழமைகளை யாரும் தொடவில்லை. மேலே உள்ள எல்லா விடைகளிலும் புதனுக்குப் பின் வியாழனும், வியாழனுக்குப் பின் வெள்ளியுமே வந்திருப்பதைக் கவனிக்கலாம்.

கிழமை குதித்தது உலகத் தேதிக்கோட்டை நகர்த்திய இடங்களில். பிலிப்பைன்ஸில் 1844 டிசம்பர் 30, திங்களுக்கு மறுநாள் 1845 ஜனவரி 1, புதன். சமோவா 2011 டிசம்பர் 30ஆம் தேதியை, அதாவது ஒரு வெள்ளிக்கிழமையை, அப்படியே விட்டுவிட்டது. எல்லாவற்றிலும் விந்தையானது அலாஸ்கா. 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியபோது, நாள்காட்டியும் தேதிக்கோடும் ஒருசேர மாறியதால், அக்டோபர் 6, வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 18, மீண்டும் வெள்ளிக்கிழமை.

10. பிப்ரவரி 30 என்று ஒரு தேதி எங்காவது இருந்ததா?

இருந்தது, ஸ்வீடனில், 1712ஆம் ஆண்டில். ஒரே அடியாகத் தாவாமல், 1700 முதல் 1740 வரை லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கிரிகோரியன் கணக்கை எட்டிவிடலாம் என்று அங்கே திட்டமிட்டார்கள். 1700இல் விட்டார்கள், போர்க் காலத்தில் 1704இலும் 1708இலும் விட மறந்தார்கள். ஐரோப்பாவில் யாரோடும் ஒத்துப்போகாத தேதியில் நாடு தனித்து நின்றதால், 1712இல் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்துப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். பிறகு 1753இல் மற்றவர்களைப் போல ஒரே தாவலில் மாறினார்கள்.

11. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த ஆண்டு 1731ஆ, 1732ஆ? பதினொரு நாளால் ஆண்டே மாறுமா?

இங்கே இரண்டாவது முடிச்சு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1731 பிப்ரவரி என்பது 1731 டிசம்பருக்குப் பின்னால் வந்த மாதம். வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் அது 1732 பிப்ரவரி 22. அக்கால ஆவணங்களில் 1731/32 என்று இரட்டை ஆண்டு எழுதப்பட்டிருப்பதும் இதனால்தான்.

12. கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார், ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். இதுவும் பொய்யா?

அழகான பொருத்தங்கள்தாம், ஆனால் நிற்காதவை. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் கிரிகோரியன் கணக்கில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கில். இருவருக்கும் கிரிகோரியன் கணக்கையே பயன்படுத்தினால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இருவருக்கும் ஜூலியன் கணக்கையே பயன்படுத்தினால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்தத் தராசை எடுத்தாலும் ஆண்டு வேறுதான். இரண்டு தராசுகளைக் கலந்தால் மட்டுமே பொருத்தம் கிடைக்கும்.

இலக்கியவாதிகளின் கதையும் அதுவே. இருவருக்கும் சொல்லப்படும் தேதி 1616 ஏப்ரல் 23. ஸ்பெயின் புதிய கணக்கிலும் இங்கிலாந்து பழைய கணக்கிலும் இருந்ததால், ஷேக்ஸ்பியர் பத்து நாள் கழித்தே இறந்தார். போதாததற்கு, ஏப்ரல் 23 என்பது செர்வாண்டிசை அடக்கம் செய்த நாள் என்றும், அவர் இறந்தது அதற்கு முந்தைய நாள் என்றும் கருதப்படுகிறது. யுனெஸ்கோ இந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக அறிவித்திருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் வாசிக்க எந்தத் தேதியும் நல்ல தேதியே.

13. கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவில் பூஜ்ஜிய ஆண்டு ஏன் இல்லை?

கி.பி. கணக்கை வகுத்தவர் டயோனிசியஸ் எக்சிகூஸ் என்ற துறவி. 525ஆம் ஆண்டில் ஈஸ்டர் அட்டவணை தயாரித்த அவர், கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய டயோக்ளீஷியன் பேரரசரின் பெயரால் ஆண்டுகளை எண்ண விரும்பாமல் இயேசுவின் பிறப்பிலிருந்து எண்ணினார். ரோமானிய எண்களில் பூஜ்ஜியத்துக்கு இடமில்லை. பின்னோக்கி எண்ணும் வழக்கம் பரவியபோதும், ஒன்றுக்கு முன்னால் ஒன்றே வைக்கப்பட்டது.

இதனால் வரும் தவறு கழித்தலில்தான். அகஸ்டஸ் கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தார். அறுபத்து மூன்றோடு பதினான்கைக் கூட்டி 77 என்பார்கள். நடுவில் பூஜ்ஜிய ஆண்டு இல்லாததால் ஒன்று குறைந்து 76. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே இறந்ததால் அவருக்கு நிரம்பிய வயது 75. இருபத்தோராம் நூற்றாண்டு 2001 ஜனவரி 1இல் தொடங்கியதும் இதே காரணத்தால்தான்.

14. வாரத்தையே மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793இல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார்கள். மாதத்துக்கு மூன்று வாரம், எல்லா மாதமும் 30 நாள், ஆண்டு முடிவில் ஐந்தோ ஆறோ கூடுதல் நாட்கள். கணக்கு அழகு, ஆனால் ஏழு நாளுக்கு ஒன்றாக இருந்த ஓய்வு பத்து நாளுக்கு ஒன்றானதை உழைப்பவர்கள் ரசிக்கவில்லை. 1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் அதைக் கைவிட்டார்.

சோவியத் அரசு 1929இல் ஐந்து நாள் வாரத்தை முயன்றது. எந்திரங்கள் ஓயாமல் இயங்க, தொழிலாளர்களை ஐந்து குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறமும் வெவ்வேறு ஓய்வு நாளும் கொடுத்தார்கள். கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு இன்னொரு நாளும் விடுமுறை என்றால் குடும்பம் எப்போது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்? 1931இல் அது ஆறு நாளாக மாறி, 1940இல் ஏழு நாள் வாரமே திரும்ப வந்தது.

15. ரஷ்யர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 என்பது நிரந்தரமா?

இல்லை. அது ஜூலியன் டிசம்பர் 25. நான்காம் விடையில் சொன்னபடி 2100இல் வேறுபாடு 14 ஆகும்போது, கணக்கு மாற்றப்படாமல் இருந்தால், 2101 முதல் அது ஜனவரி 8ஆம் தேதியில் வரும்.

16. நம் சித்திரை முதல் நாளும் இப்படி நகர்கிறதா?

நகர்கிறது, ஆனால் காரணம் வேறு. கிரிகோரியன் ஆண்டு பருவங்களைப் பின்பற்றுகிறது. தமிழ் ஆண்டோ விண்மீன்களைப் பின்னணியாகக் கொண்டு, சூரியன் மேஷ ராசியில் நுழைவதை வைத்துக் கணிக்கப்படுகிறது. மரபான பஞ்சாங்கக் கணக்கில் அதன் நீளம் 365 நாள், 6 மணி, ஏறத்தாழ 12 நிமிடம். ஆண்டுக்குச் சுமார் 23 நிமிட வேறுபாடு சேர்ந்து, அறுபது ஆண்டுக்குச் சற்று மேல் ஒரு நாள் வீதம் சித்திரை 1 பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இப்போது ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும் அந்த நாள், ஏழாம் விடையில் வந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில், புதுச்சேரியின் கிரிகோரியன் கணக்கில், ஏப்ரல் 10ஐ ஒட்டி வந்தது.

17. 1900 லீப் ஆண்டு இல்லை என்கிறீர்கள். என் கணினியில் 29-02-1900 என்று தட்டினால் எக்ஸெல் ஏற்றுக்கொள்கிறதே!

கணக்கு உங்களுடையதும் என்னுடையதும் சரி; எக்ஸெலினுடையது தவறு. அதற்கு முன்பு புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதில் தயாரான கோப்புகள் தடங்கலின்றித் திறக்க வேண்டும் என்பதற்காக எக்ஸெல் அந்தப் பிழையையும் சேர்த்தே ஏற்றது. இதனால் 1900 ஜனவரி 1ஐ அது ஞாயிறு என்று காட்டும்; உண்மையில் அது திங்கள். 1900 மார்ச் 1 முதல் கிழமைகள் சரியாக வரும். அதற்கு முந்தைய தேதிகளுக்குக் கிழமை பார்க்க வேண்டியவர்கள் வேறு வழியில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.